வரிக்காக வந்த தமிழ்
(திருவொற்றியூர்ச் சொற்பொழிவு)



திருவொற்றியூர்த் தொழிலாளி ஒருவர் ஓய்வுநாளில் படம் பார்த்துத் திரும்புகிறார். அவர் திறனாய்வாளர் அல்லர். ஆயினும் அவர் தீர்ப்பு கூரியது. 'வட சென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021) ஆகியவற்றில் தம் தெருவையும் பேச்சையும் குத்துச்சண்டைக் களத்தையும் கண்டு மகிழ்ந்தவர் அவர். ('பரம்பரை' வடசொல், 'கால்வழி' நம் சொல்.) 'மாசுடர்' (2021), 'பீசுட்டு' (2022), 'செயிலர்' (2023) என்னும் பெயர்ப்பலகைகளைக் கண்டபோதோ, "உள்ளே தமிழ் பேசும் படத்துக்கு வாயிலில் ஏன் ஆங்கிலம்?" என வினவுகிறார்.

2006-இல் தமிழ்ப்பெயர் தாங்கிய படங்களுக்குத் தமிழ்நாட்டரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. உடனே 'எம்டன் மகன்', 'எம் மகன்' ஆயிற்று. 1914 செப்தம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கொள்கலங்களைச் சுட்டெரித்த செருமானியக் கப்பல் எம்டன். அப்பெயர் மக்கள் வாயில் வல்லாளனைக் குறிக்கும் சொல்லாயிற்று. நூறாண்டு நெருங்கிய அச்சொல்லையும் வரிவிலக்கு ஒரே நாளில் கழற்றியது!

2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தது. பழைய விலக்கின் ஈர்ப்பு ஒழிந்தது. பெரும்படங்களின் பெயரில் ஆங்கிலம் மீண்டும் குடியேறிற்று. ஆகவே, அன்று தோன்றியது மொழிப்பற்றன்று, பொருட்பற்றே.

வரி காத்த தமிழ் வரியோடு போயிற்று. மக்கள் காக்கும் தமிழே நிற்கும். நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுப்பவர் அத்தொழிலாளியே. அவர் வினாவைக் கொட்டகைதோறும் ஆயிரவர் எழுப்பட்டும். பெயர்கள் தாமே தமிழாகும்.

வெல்க தமிழ்!