லாக்கருக்கு இரண்டு சாவி
(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'ஒரே ஊசி, புற்றுநோய் செல்கள் தற்கொலை செய்துகொள்ளும்' என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது, பார்த்திருப்பீர்கள். அதைப் படித்த நண்பர் ஒருவர், "அப்படியானால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா சார்?" என்று என்னைக் கேட்டார். நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. தேடிப் படித்தேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

'தற்கொலை மரபணு சிகிச்சை' என்பது புரளி அல்ல, உண்மையான ஆராய்ச்சி. வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாவி மட்டும் போட்டால் திறக்காது, வங்கியின் சாவி மட்டும் போட்டாலும் திறக்காது. இங்கே முதல் சாவி, ஹெர்பீஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் என்ற நொதிக்கான மரபணு. அதைப் பெருக முடியாதபடி மாற்றிய வேறொரு வைரஸில் ஏற்றிக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். இரண்டாவது சாவி, கான்சிக்ளோவிர் என்ற மருந்து. அந்த நொதி உள்ள செல்லில் இது விஷமாக மாறி, டிஎன்ஏ நகலெடுப்பதை நிறுத்திவிடும். செல் மடியும். விஷம் ஒட்டியிருக்கும் பக்கத்துச் செல்களுக்கும் பரவி, அவற்றில் சிலவும் மடியும்.

1986-ல் அமெரிக்காவின் ஃபிரெடரிக் மூல்டன் இந்த வழியை முன்வைத்தார். 1992-ல் மூளைக்கட்டி நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. ஆனால் கட்டியின் எல்லாச் செல்களுக்கும் மரபணுவைக் கொண்டுசேர்ப்பது லேசான காரியம் இல்லை. 2013-ல் வெளியான ஐரோப்பிய மூளைக்கட்டி ஆய்வில் மறுசிகிச்சைக்கான நாள் தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. 745 புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் வந்தது. அதில் இரண்டாவது சாவி, அக்கிக்குக் கொடுக்கும் வேலாசிக்ளோவிர் மாத்திரை. நோய் திரும்புவது குறைந்தது. ஆனால் எல்லோருக்கும் கதிர்வீச்சு சிகிச்சையும் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இது அதோடு சேர்ந்த கூடுதல் சிகிச்சைதான், மாற்று அல்ல.

ஆகவே, யாராவது 'மரபணு ஊசி' என்று சொல்லிப் பணம் கேட்டால், உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் முதலில் கேளுங்கள். மருத்துவ ஆய்வு என்று சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். டாக்டர் குறித்துக்கொடுத்த தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் தேதியை மாற்றவில்லை.