கரையை நெடுக்கே அளப்போம்: ஒலுவிலிலிருந்து பெரியநீலாவணை வரை

(மருதமுனையில் நிகழ்த்திய அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)





  

வழக்கு என்ன?

அழைப்பிதழில் "அபிவிருத்தித் திட்டங்களும் சூழல், சமூகத் தாக்க மதிப்பீடும்" என்று போட்டிருக்கிறார்கள். முன்வரிசையில் இருக்கும் என் சக விரிவுரையாளர்கள் இதைப் பார்த்ததுமே, "ஒலுவில் துறைமுகம்தானே பேசப்போகிறார்?" என்று சொல்லியிருப்பார்கள். ஆம், நம் கிழக்கிலங்கைக் கரையில் கட்டிய அந்தத் துறைமுகத்தைத்தான் பேசப்போகிறேன். கருத்தரங்குகளில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்து எங்கள் வழக்கைத் தீர்க்க விடாமலே வைத்திருந்தார்கள். இன்று மேடை எனக்கு.

இந்த நண்பர்களின் கட்சி இரண்டு வகை. முதல் வகையினர், "மதிப்பீட்டில் கடலரிப்பைச் சரியாகக் கணித்திருந்தால் கரைக்கு இந்தக் கதி வந்திராது" என்கிறார்கள். இரண்டாம் வகையினர், "கணிப்பில் குறையில்லை, சொன்ன பரிகாரங்களை நிறைவேற்றாததே குறை" என்கிறார்கள். இரு சாராரும் மதிப்பீட்டை ஓர் எதிர்வுகூறலாகவே பார்க்கிறார்கள். பலித்ததா, பலிக்கவில்லையா என்பதே அவர்களின் சண்டை. என் கட்சி இது: கணக்குப் போடுவதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆய்வுப் பரப்பின் எல்லைக்கோட்டை எங்கே கீறுவது என்பதே அந்த முடிவு. கோட்டுக்கு வெளியே விழுந்தவருக்கு எவ்வளவு துல்லியமான கணிப்பாலும் பயனில்லை. திட்டத்தின் எல்லையைக் காணி அளவைப் படம் சொல்லட்டும். தாக்கத்தின் எல்லையை மணலும் நீரும் பிழைப்பும்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒலுவிலைப் பற்றி வாய் திறந்தால், மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபைக் குறை சொல்வதாக நம்மூரில் எடுத்துக்கொள்கிறார்கள். 1994 இல் துறைமுக அமைச்சரானவர் அவர். ஒலுவிலில் பல்கலைக்கழகம் வந்ததும் அவரால்தான். அங்கே துறைமுகம் வேண்டும் என்ற எண்ணமும் அவருடையதே. 2000 செப்டம்பரில் அவர் காலமானார். துறைமுக வேலை தொடங்கியது 2008 இல். ஒரு தலைவரின் நல்லெண்ணத்துக்கு நன்றிக்கடன் பட்டவர்கள் அந்தத் திட்டத்தின் விளைவை அளக்கக் கூடாது என்று மார்க்கமும் சொல்லவில்லை, விஞ்ஞானமும் சொல்லவில்லை.

ஒலுவில்

டென்மார்க்கின் கடனுதவியாக ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ. டென்மார்க் நிறுவனம் ஒன்றே கட்டியது. இலங்கைத் துறைமுக அதிகார சபை பொறுப்பேற்றது. 2013 செப்டம்பரில் திறப்பு விழா நடந்தது. வணிகக் கப்பல்களுக்கென்று கட்டிய பகுதி அந்த வேலைக்குப் பயன்படவில்லை. மீனவர்களுக்கான பகுதி பயன்பட்டது. ஆனால் முகத்துவாரம் மணலால் மூடும்போதெல்லாம் படகுகள் உள்ளே அடைபட்டன அல்லது வெளியே நின்றன. துறைமுகத்துக்கு வடக்கே ஒலுவில் கரையைக் கடல் தின்னத் தொடங்கி நிந்தவூர்ப் பக்கம் நகர்ந்தது. இவை நீங்கள் அறிந்தவை. இப்படி ஏன் நடந்தது என்பதை ஆறுதலாகப் பார்ப்போம்.

கிழக்குக் கரையில் அலை நேராக வந்து மோதுவதில்லை, சாய்ந்து வருகிறது. சோளகக் காலத்தில் தென்கிழக்கிலிருந்து வரும் அலை மணலைக் கிளப்பி வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் அலை அதைத் தெற்கே திருப்பும். வருடக் கடைசியில் வரவு செலவு பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். எனவே நம் கரை ஒரே இடத்தில் நிற்கும் மணல் அல்ல. தெற்கிலிருந்து வந்து, சற்றுத் தங்கி, வடக்கே போய்க்கொண்டிருக்கும் மணல் அது. இதற்குக் குறுக்கே கடலுக்குள் நீளும் கல்லணையைக் கட்டினால் தென்புறத்தில் மணல் சேரும். சேர்ந்தது அணையின் முனையைச் சுற்றி வளைந்து முகத்துவாரத்தை மூடும். வடபுறத்தில் அலை வழக்கம்போல மணலை எடுத்துப் போகும், ஆனால் ஈடுசெய்யத் தெற்கிலிருந்து எதுவும் வராது. முகத்துவாரம் மூடுவதும் வடக்கே கரை அரிவதும் தனித்தனி நோய்கள் அல்ல. ஒரே மணல் ஓரிடத்தில் கூடிப்போனதாலும் மற்ற இடத்தில் குறைந்துபோனதாலும் வந்தவை.

இதைக் கண்டுபிடிக்கக் கணினி மாதிரி எதுவும் தேவைப்பட்டிருக்காது. 1876 அளவில் சென்னைத் துறைமுகத்தின் கல்லணைகளைக் கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் கரை அரிந்தது. ஊர் முழுக்க மெரினாவில் காற்று வாங்கியது, விலையை வடசென்னை மீனவக் குப்பங்கள் கொடுத்தன. புதுச்சேரித் துறைமுகம் 1980களின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. மணலை அணையின் தெற்கிலிருந்து வடக்கே கடத்தும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தும் ஒழுங்காக நடக்காததால், நகரத்தின் கடற்கரையே காணாமற்போய்க் கருங்கல் மட்டும் மிஞ்சியது. ஒரே கடல், ஒரே திசை, ஒரே பாடம். ஒலுவிலுக்கு முன்னால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருந்தது.

முதல் வகை நண்பர்கள் இப்போது மகிழ்ந்திருப்பார்கள். "கணித்திருக்க வேண்டும் என்றுதானே நாங்களும் சொல்கிறோம்?" பொறுங்கள். கணித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வடக்கே இத்தனை மீற்றர் அரியும், கல் போட்டுத் தடுக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். அதன் பின் என்ன நடக்கும்?

கல் போட்டார்கள். கல் போட்ட இடத்தில் காணி தப்பியது. கல்வரிசை முடிகிற வடக்கு முனையில் அரிப்பு புதிதாகத் தொடங்கியது. அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தென்னை வேரெல்லாம் வெளியே தெரிய நிற்கும். தோட்டத்துக் கொட்டுக் கிணற்றைச் சுற்றியிருந்த மண் போய், சீமெந்துக் கொட்டு மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடற்கரையில் நிமிர்ந்து நிற்கும். ஒருகாலத்தில் குனிந்து தண்ணீர் அள்ளிய கிணற்றை இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டும். திட்டம் அந்தத் தோட்டத்தில் ஒரு பிடி மண்ணையும் சுவீகரிக்கவில்லை. ஆகவே அதன் சொந்தக்காரர் எந்தப் பட்டியலிலும் இல்லை. காணி சுவீகரிக்கப்பட்டவர்களின் இழப்பீடே வருடக்கணக்கில் இழுபட்டது என்றால், கடல் சுவீகரித்தவர்களின் கதையைக் கேட்கவா வேண்டும்?

சொந்தக்காரருக்காவது காணி உறுதி இருக்கிறது. நாளைக்கு வழக்குப் போட்டால் காட்ட ஒரு கடதாசி. கரைவலைக்காரருக்கு? கரைவலை இழுக்க மணற்கரை வேண்டும், கால் ஊன்ற இடம் வேண்டும், வலை சிக்காத தரை வேண்டும். பாறாங்கல் போட்ட இடத்தில் அந்தப் பாடு முடிந்தது. காணியைக் காத்த அதே கல், வலையை நிறுத்தியது. பரிகாரம் என்று அறிக்கையில் எழுதும் விடயம் இன்னொருவருக்குத் தாக்கமாகிறது. அவருடைய பெயர் கோட்டுக்கு வெளியே. தென்னை போனதோடு, ஓலை வாங்கிக் கிடுகு பின்னிய பெண்களின் வருமானமும் போனது. மணல் போனதோடு, கருவாடு காயப்போட்ட இடமும் போனது. இவர்களில் யாரும் நிலத்துக்கு உரித்தாளர் இல்லை, வலைக்குச் சம்மாட்டியும் இல்லை. "பாதிக்கப்பட்ட குடும்பங்கள்" என்ற நிரலில் இவர்களை எழுத ஒரு வரிகூடக் கிடையாது.

அடுத்து வந்தது மிகக் கசப்பானது. படகுக்காரர் முகத்துவாரத்தைத் தோண்டச் சொன்னார்கள். தோண்டினால் அரிப்பு கூடும் என்று கரையோரத்தார் மறித்தார்கள். தோண்டுவதானால் அந்த மண்ணை அரிந்த கரையில் போடுங்கள் என்றும் கேட்டார்கள். ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். விஞ்ஞானப்படி பார்த்தால் கரையோரத்தார் கேட்டது மிகச் சரி. அவுஸ்திரேலியாவின் டுவீட் ஆற்று முகத்தில், சேரும் மணலைக் குழாய் வழியே மறுபக்கக் கரைக்குக் கடத்தும் நிலையான ஏற்பாடு 2001 முதல் இயங்குகிறது. அங்கே அதைத் தொடர்ந்து ஆகும் செலவாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே அது ஊருக்குள் சண்டையாகிவிட்டது. காரணம், மணல் ஒன்று என்பதும் அதன் வழி ஒன்று என்பதும் ஆய்வு எல்லையில் ஏறவில்லை. துறைமுகம் ஒரு திட்டம், அரிப்பு வேறொரு பிரச்சினை, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு திணைக்களம்.

இரண்டாம் வகை நண்பர்களுக்கும் இதுவே பதில். பரிகாரங்களை முழுதாக நிறைவேற்றியிருந்தாலும், எல்லை குறுகியதாக இருக்கும்வரை, தீங்கு அடுத்த ஊருக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். நிந்தவூருக்கும் வடக்கே மாளிகைக்காட்டில் மையவாடிச் சுவரையே கடல் எடுத்தது. அது ஒலுவிலின் விளைவா, மாரியின் சீற்றமா, இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்ததால் ஆற்று மணல் வரவு குறைந்ததன் விளைவா என்று ஆளுக்கொரு கதை சொல்கிறோம். ஒலுவில் முதல் பெரியநீலாவணை வரையான கரையை ஒரே அலகாக எடுத்துத் தொடர்ந்து அளந்து வந்திருந்தால் கதைக்கு இடமிருந்திராது.

சட்டம் எங்கே நிற்கிறது?

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988 இன் திருத்தம் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எந்தத் திட்டங்களுக்கு அது வேண்டும் என்று 1993 ஜூன் வர்த்தமானி பட்டியலிட்டது. அறிக்கையைப் பார்வைக்கு வைத்து மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும். கரையோர வலயத்துக்கு 1981 இன் 57 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. உயர் நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், தாழ் நீர்மட்டத்திலிருந்து கடற்பக்கம் இரண்டு கிலோமீற்றர் என்பது அதன் அளவு.

கவனியுங்கள். இந்த அளவெல்லாம் கரைக்குக் குறுக்கே. மணலோ நெடுக்கே போகிறது. ஒலுவிலில் கட்டினால் நிந்தவூரில் கருத்துக் கேட்க வேண்டும் என்று சொல்லும் அளவு எதுவும் இதில் இல்லை. எங்கள் வழக்கின் மையம் இந்த இடம்தான்.

65 மீற்றர்

அதே குறுக்களவு இந்த ஊருக்கும் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். பின்னர் அது தளர்ந்து, மருதமுனையில் 65 மீற்றர் என்ற எண் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்தது. அத்திட்டத்தில் மேட்டுவட்டையில் கட்டிய வீடுகளில் சில பகிரப்படாமல் வருடக்கணக்கில் கிடந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

1993 பட்டியலின்படி நூறு குடும்பங்களுக்கு மேல் கட்டாயமாகக் குடிபெயர்த்தால் மதிப்பீடு வேண்டும். ஆனால் அவசரநிலைக் குடியமர்த்தலுக்கு விலக்கு. முதல் ஆறு மாதத்துக்கு அந்த விலக்கு நியாயம். பல வருடம் நீளும் வீட்டுத்திட்டத்துக்கு எப்படி நியாயமாகும்? யாராவது மதிப்பிட்டிருந்தால் இந்த நெசவு ஊரில் முதலில் கேட்டிருக்க வேண்டியது தறியைப் பற்றி. குழித்தறிக்கு ஈரம் ஊறாத தரை வேண்டும். வயலை நிரப்பிய நிலத்தில் மாரிக்கு நீர்மட்டம் மேலே வரும். சாரன் நெய்கிற குடும்பத்துக்கு வீட்டுப் படத்தில் தறிக்கு இடம் உண்டா? நூலுக்குச் சாயம் போட்ட நீர் எங்கே போகும்? சமூகத் தாக்கம் என்பது இப்படிப்பட்ட கேள்விகள்.

கரைவாகு

நேரம் போகிறது, சுருக்குகிறேன். கல்முனை, சாய்ந்தமருது நகர விரிவுக்குக் கரைவாகு வயலை நிரப்பும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஈரநிலத்தை 4 ஹெக்டேயருக்கு மேல் நிரப்பினால் மதிப்பீடு வேண்டும். பேர்ச் பேர்ச்சாக நிரப்பினால் யாரும் கேட்கமாட்டார்கள், பத்து வருடத்தில் மொத்தம் அதே அளவுதான். 2000 இன் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணி நிரப்ப எழுத்து அனுமதி தேவை. அது ஒவ்வொரு காணியாகவே பார்க்கப்படுகிறது. வெள்ளம் ஒவ்வொரு காணியாக வருவதில்லை. வட்டை முழுக்க நிரம்பித் தோணா என்னும் நீரோடை வழியே கடலைத் தேடும். தோணாவும் முகத்துவாரங்களும் கரையோரத்தில் இருப்பதால் அவை வேறு அலுவலகத்தின் கோப்பில். நீரைப் பொறுத்தவரை வயலிலிருந்து கடல்வரை ஒரே எல்லைதான்.

இனிச் செய்யவேண்டியவை

கூட்டத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பட்டியலாக மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: ஒலுவிலிலிருந்து பெரியநீலாவணை வரை நிலையான குறிக்கற்கள் நட்டு, சோளகத்துக்கு முன்னும் வாடைக்கு முன்னும் கரையின் அகலத்தை அளக்க வேண்டும். நீட்டல் நாடாவும் பாடசாலைப் புவியியல் மாணவர்களும் போதும்.

இரண்டு: முகத்துவாரத்தில் அள்ளும் மணல் எவ்வளவு, எங்கே கொட்டப்பட்டது என்ற கணக்கைப் பிரதேச செயலகங்கள் பகிரங்கமாக வைக்க வேண்டும்.

மூன்று: பாதிக்கப்பட்டோர் நிரலில் உறுதி இல்லாதவர்களுக்கும் இடம் வேண்டும். கரைவலைக் கூலி, கிடுகு, கருவாடு, தறி ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

நான்கு: அறிக்கைகள் முழுமையாகத் தமிழில் வர வேண்டும், சுருக்கம் மட்டும் போதாது. 30 நாளில் முதல் இருபது நாள் மொழிபெயர்ப்பிலேயே போய்விடக் கூடாது.

ஐந்து: பழைய அளவைப் படங்கள், பள்ளிவாசல் பதிவேடுகள், மீனவர் நினைவு இவற்றை ஒப்பிட்டுப் பழைய கரைக்கோட்டை மீட்கலாம். முதுமாணி ஆய்வுக்கு நல்ல தலைப்பு.

ஆறு: கல்லோயாவின் மணல் வரவையும் ஆராய வேண்டும். இது தனி உரைக்குரியது.

ஏழு: திட்டம் முடிந்து ஐந்தாம், பத்தாம் வருடங்களில் மறுமதிப்பீடு.

என் நண்பர்கள் இன்றும் இணங்கமாட்டார்கள் என்று தெரியும். இணங்க வேண்டாம். வரும் சோளகத்துக்கு முன் நிந்தவூரில் ஒரு குறிக்கல்லை அவர்களே நடட்டும், மாளிகைக்காட்டில் ஒன்றை நான் நடுகிறேன். மூன்று வருட அளவை மேசையில் வைத்துவிட்டு அதன்பின் சண்டை பிடிப்போம்.