வேண்டுதலுக்குப் போடுங்கள் மொட்டை!

(திருவண்ணாமலையில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: பெரியவர்கள் சொல்லிவைத்தவற்றில் மிகுதி அனுபவமா? பழக்கமா? ‘பழக்கமே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கச்சி ஒரு போடு போட்டாங்க. “என் அண்ணன் மகனுக்கு மூணு மொட்டை அடிச்சோம், முடி காடு மாதிரி வளர்ந்துச்சு, இது அனுபவம் இல்லையா?”ன்னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க.

அம்மா! கத்தி பட்டால் முடி அடர்த்தியாகும் என்பது உண்மையானால், வருஷம் தவறாமல் பழனிக்கு மொட்டை போடுகிறவர்களில் ஒரு வழுக்கைத் தலையாவது இருக்கலாமா? என்னையே பாருங்க. தினமும் கத்தி படுவது தாடையில். அங்கே அப்படியே இருக்கு. கத்தியே படாமல் பொத்திப் பொத்திப் பாதுகாத்தது தலையில், அங்கே ஒண்ணுமில்லை! (சிரிப்பு)

அப்போ குழந்தைக்கு எப்படி வளர்ந்தது? பிறந்த குழந்தையின் முடி பூ மாதிரி இருக்கும். அது தானாகவே உதிரும். வயது ஏற ஏறத் தடித்த முடி முளைக்கும். மொட்டை போட்டாலும் முளைக்கும், போடாவிட்டாலும் முளைக்கும். நாம் அந்த வயசில் மொட்டை போடுகிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! மீசை அரும்பும் பையன் கதையும் இதுதான். வளர்கிற வயசில்தான் அவன் சவரமே தொடங்குகிறான்.

“சவரம் பண்ணினதும் சொரசொரன்னு குத்துதே?” என்பீர்கள். வயக்காட்டில் நெல் அறுத்த பிறகு நடந்து பாருங்க. தாள் காலைக் குத்தும். நெல் தடித்துவிட்டதா? இல்லை, மெல்லிய நுனி போய், அடித்தாள் நிற்கிறது. முடியும் அப்படித்தான். தோலுக்கு வெளியே இருக்கிற முடிக்கு உயிர் கிடையாது. உயிர் வேரில், தோலுக்குள்ளே. மேலே வெட்டுகிற சேதி வேருக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்று அறிஞர், ஒரு பெண்மணி, 1928-லேயே நாலு ஆண்களின் முகச்சவரத்தை வைத்து ஆராய்ந்தார். முடியின் நிறமும் மாறவில்லை, பருமனும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. 1970-ல் இன்னொரு ஆய்வு. ஐந்து இளைஞர்களுக்கு ஒரு காலை மட்டும் வாராவாரம் சவரம் செய்தார்கள், பல மாதம். இரண்டு காலிலும் ஒரே மாதிரி முடிதான்!

சிரிச்சீங்க. இப்போ ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்க முடியாது.

என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, தலையில் நாலணா அளவுக்கு ஒரு வட்டத்தில் முடி கொட்டிவிட்டது. எங்கம்மா பார்த்துட்டு, “புழுவெட்டு! மொட்டையடிச்சுச் சின்ன வெங்காயம் தேய், அடர்த்தியா வந்துரும்”னாங்க. நான் முனைவர் பட்டம் வாங்கினவன். ஆனால் ஒரு கேள்வி கேட்கவில்லை. பதின்மூணு வயசுப் பெண்ணை உட்காரவைத்து மொட்டை அடிச்சோம். அவள் ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் போகலை. கண்ணாடியைத் திருப்பி வெச்சுட்டா.

அப்புறம்தான் தோல் மருத்துவரிடம் போனோம். “ஐயா, இதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குது. மருந்து இருக்கு, பல பேருக்குத் தானாகவும் வளரும். மொட்டை எதுக்கு அடிச்சீங்க?”ன்னார். என்னிடம் பதில் இல்லை. முடி வளர்ந்துடுச்சு ஐயா. “ஏம்ப்பா, நீங்களாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே”ன்னு அவள் கேட்டது மட்டும் இன்னும் என் காதைவிட்டுப் போகலை.

எங்கம்மா மேல குத்தமில்லை. அவங்களுக்கு அவங்கம்மா சொன்னது. நடுவில் யாருமே சோதிச்சுப் பார்க்கலை. சோதித்தால் அனுபவம், சோதிக்காமல் கைமாற்றினால் பழக்கம்!

நான் மொட்டைக்கு எதிரி இல்லை. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, மதுரையிலிருந்து ஒரு 16 வயதுப் பையன் இந்த ஊருக்கு வந்தார். ஐயன்குளத்தங்கரையில் குடுமியை இறக்கினார். அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி. முடி நல்லா வளரணும் என்றா மொட்டை போட்டார்? பற்றை விடுவதற்கு! அதிலும் வள்ளுவர் கறார். உலகம் பழிப்பதை நீ விட்டுவிட்டால் மொட்டையும் தேவையில்லை, சடையும் தேவையில்லை என்கிறார்.

2021 செப்டம்பரில் தமிழக அரசு கோயில்களில் மொட்டைக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. தாராளமாகப் போடுங்க. பிளேடு புதுசான்னு மட்டும் பார்த்துக்குங்க.

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஒரே வார்த்தை. வேண்டுதலுக்குப் போடுங்கள் மொட்டை, வளர்ச்சிக்குப் போடாதீர்கள். பிள்ளை தலையில் கத்தி வைப்பதற்கு முன்னால், அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள்.

(பலத்த கைத்தட்டல்)