சாளரம் மறைந்தால் வேலை முடிந்ததா?

திண்டுக்கல் என்றதும் குன்றின்மேல் நிற்கும் கோட்டையும், கைத்திறத்தால் உருவாகும் பூட்டும் நம் நினைவுக்கு வரும். அப்பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவ்வூரில் என் தங்கை வீட்டில் ஒருநாள் மாலை நான் கண்டதோ வேறுவகைப் பூட்டு. கணிப்பொறிக்குள் இருந்த பூட்டு.

தங்கை மகன் கல்லூரி மாணவன். 'விம்' என்னும் எடிட்டரில் மூன்று மணி நேரம் முயன்று ஒரு நிரல் எழுதியிருந்தான். நெதர்லாந்து நாட்டவரான பிராம் மூலெனார் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட கருவி அது. வெளியேறும் முறையை மறந்த அவன், கண்ட்ரோல் விசையையும் இஸட் விசையையும் சேர்த்து அழுத்தினான். எடிட்டர் திரையினின்று மறைந்தது. சற்றுப் பொறுத்து அதே கோப்பைத் திறக்க முயன்றபோது, நீண்டதோர் எச்சரிக்கை தோன்றி வழிமறித்தது.

"மாமா, இந்த ஸ்வாப் கோப்புத்தான் தடுக்கிறது. இதை அழித்துவிட்டுக் கணினியை அணைத்துப் போடட்டுமா?" என்றான்.

"பொறு, எச்சரிக்கையை முழுவதும் படி" என்றேன்.

ஸ்வாப் கோப்பு என்பது யாது? நாம் எழுதுவதை 'விம்' தனியே ஒரு கோப்பிலும் பதிந்து வருகிறது. வழக்கமாக 200 எழுத்துகளுக்கு ஒருமுறையோ, 4 விநாடி நம் கை ஓய்ந்தாலோ அப்பதிவு நிகழும். கோப்பைத் திறந்திருக்கும் செயலின் எண்ணும் அதில் இருக்கும். ஆகவே அது எழுத்தைக் காக்கும் பெட்டகம். உள்ளே ஆள் உண்டு என அறிவிக்கும் தாழ்ப்பாளும் ஆகும். அவ்வெண்ணுக்குரிய செயல் இன்னும் இயங்குகிறது என்றே எச்சரிக்கை கூறியது.

உண்மை விளங்கிற்று. லினக்ஸில் அவன் அழுத்திய விசைகள் எடிட்டரை முடிப்பவை அல்ல, உறங்க வைப்பவை. எச்சரிக்கையினின்று வெளியேறி, அதே திரையில் 'எஃப்ஜி' என்னும் ஈரெழுத்துக் கட்டளையை இட்டான். நிரல் ஒரு வரியும் குறையாமல் வந்து நின்றது. அதனைச் சேமித்து, முறையாக வெளியேறினான்.

வேறு எடிட்டர்களிலும் இவ்விதம் நேர்வதுண்டு. சாளரத்தை மூடிய பின்னும் செயல் பின்னணியில் தங்கிவிடும். அது பிடித்திருக்கும் பூட்டு, மறுமுறை திறப்பதைத் தடுக்கும். அப்போது, இயங்கும் செயல்களின் பட்டியலை முதலில் பாருங்கள். பழைய செயல் அங்கே இருந்தால், அதனைச் சேமித்து மூட முயலுங்கள். முடியாவிடில் முடித்துக்கொள்ளுமாறு கேளுங்கள். லினக்ஸில் 15ஆம் எண் சமிக்ஞை அவ்வாறு கேட்பது. செயல் தன் பொருள்களை ஒழுங்குசெய்துகொண்டு விலக அது இடம் தரும். 9ஆம் எண் சமிக்ஞையோ கேளாமலே நிறுத்துவது. அது கடைசி வழி. மின்சாரம் தடைப்பட்டு, செயல் அழிந்து, ஸ்வாப் கோப்பு மட்டும் எஞ்சியிருந்தால், அதிலிருந்து எழுத்தை மீட்டுச் சேமித்து, சரிபார்த்த பின்னரே அதனை நீக்குங்கள்.

கதவு உட்புறம் தாழிட்டிருந்தால், கோடரியை எடுக்குமுன் "உள்ளே யார்?" என்று கேட்கிறோம் அல்லவா? கணிப்பொறியிடமும் முதலில் அதனையே கேளுங்கள்.