காற்றிலே செல்லும் செய்திக்குக் காவல்

வேலி அடைத்து, படலை இட்டு, அதற்கொரு பூட்டும் போட்டு வாழ்வது நம்மவர் வழக்கம். ஆயினும், இன்று பல வீடுகளின் மூலையிலே ஒளிவிட்டுக்கொண்டிருக்கும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டிக்கு அவ்வேலி ஒரு பொருட்டன்று. அது பரப்பும் வைஃபை அலைகள் கிடுகையும் கற்சுவரையும் கடந்து ஒழுங்கையில் நிற்பவனையும் எட்டுவன. வானொலி நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கேட்பவர் இன்னார் என்று பார்த்தா ஒலிபரப்பு நிலையம் அலைகளை அனுப்புகின்றது?

நம் இணைப்பினுள் அயலான் ஒருவன் புகுந்தால், நாம் பணம் கொடுத்துப் பெற்ற மாதாந்த அளவு குறைவது சிறு நட்டமே. அவன் அதன் வழியாகப் பிறரை ஏமாற்றினானாயின், விசாரணை முதலில் வந்து நிற்பது இணைப்புக்கு உரியவர் படலையிலன்றோ?

அலையைத் தடுத்தல் இயலாது. ஆதலின், அதிற் செல்லும் செய்தியை மறைகுறியாக மாற்றி அனுப்புகின்றனர். முதலில் அமைந்த டபிள்யூ.இ.பி. என்னும் முறையின் அடிப்படையிலேயே குறையுண்டு என்பதை 2001ஆம் ஆண்டில் புளூரர், மன்டின், ஷமிர் என்னும் ஆய்வாளர் மூவர் காட்டினர். பின்னர் 2004இல் டபிள்யூ.பி.ஏ. 2 என்பதும், 2018இல் டபிள்யூ.பி.ஏ. 3 என்பதும் வந்தன. பழைய முதன்முறையை மட்டுமே அறிந்த ரவுட்டர் எவரிடமேனும் இருப்பின், அதனை மாற்றிவிடுதலே தகும்.

இரண்டாம் முறையின் மறைகுறி வலிதே. ஆனால், அதில் ஒரு நுட்பம் உண்டு. கைத்தொலைபேசி இணையும்பொழுது கடவுச்சொல்லை வெளிப்படக் கூறுவதில்லை. அதனை அறிந்திருப்பதற்கான சான்றினையே இரு பக்கமும் பரிமாறிக்கொள்கின்றன. அச்சான்றை இடையில் நின்று பதிவு செய்துகொண்டவன், தன் வீட்டிலிருந்தவாறே ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பொருந்துகின்றதா எனப் பார்க்கலாம். அவன் தட்டுவது நம் கதவை அன்று. ஆகவே நமக்கு ஓசையும் கேட்பதில்லை.

நம்மிற் பலர் கைத்தொலைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருக்கின்றனர். பத்து இலக்கங்கள் உள்ளனவே என்பர். 07 என்னும் தொடக்கம் நாடறிந்தது. எஞ்சிய எட்டு இலக்கங்களால் அமையக்கூடிய எண்கள் 10 கோடியே. நொடிக்கு இலட்சக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கவல்ல கணினிப் பொறிக்கு இது ஒரு மணித்தியால வேலைகூட அன்று. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் இதனினும் எளியவை.

கடவுச்சொல் 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை நீளலாம். அந்த இடத்தை நாம் பயன்படுத்துவதில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களை அடுக்கி ஆங்கில எழுத்தில் எழுதினால் போதும்: உரல், தந்தி, மாதுளை, கப்பல், சாம்பல் என்பதுபோல. (இவ்வரிசையை மட்டும் எவரும் வைத்தலாகாது, வானொலியிற் சொல்லியாயிற்று.)

இனி, டபிள்யூ.பி.எஸ். என்றொரு வசதி பல ரவுட்டர்களில் உண்டு. எட்டு இலக்க எண்ணொன்றைக் கொடுத்து எளிதில் இணையலாம். ஆனால், அவ்வெண் இரு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்க்கப்படுகின்றது. இறுதி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணித்தறியத்தக்கது. எனவே, 11,000 முயற்சிகளுக்குள் அகப்பட்டுவிடும் என்பது 2011இல் வெளியாயிற்று. முன்வாசலை இரும்பால் அடைத்துவிட்டுக் கொல்லைக் கதவைக் கயிற்றாற் கட்டிவைப்பதற்கு இது ஒப்பாகும். அதனை நிறுத்திவிடுக. இணைப்பின் பெயரை மறைத்துவைத்தல் பெரும் பயன் தருவதன்று. ரவுட்டரின் அமைப்புகளைத் திறப்பதற்கெனத் தொழிற்சாலையில் இட்ட சொல்லையும் மறவாது மாற்றவேண்டும்.

விருந்தினர் கேட்டால் மறுப்பது எவ்வாறு என்பது பலருக்குள்ள சங்கடம். அவர்க்கெனத் தனி இணைப்பொன்றை வேறொரு சொல்லுடன் அமைக்கும் வசதி இன்று பல ரவுட்டர்களில் உள்ளது. வீட்டாருக்குரிய நீண்ட சொல்லை மனத்தில் வைத்திருக்க இயலாதோர், தாளில் எழுதி அலுமாரிக்குள் வைத்துக்கொள்ளலாம். அலையைப் பிடிப்பவன் அலுமாரியைத் திறக்க வல்லனல்லன்.