குறட்டையும் பல் வைத்தியமும்

குறட்டை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் முகத்தில் முறுவல் அரும்புகிறது. கும்பகர்ணன் நினைவுக்கு வருகிறான். கல்யாண வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்த பந்துக்களுள் ஒருவர் மட்டும் சுகமாக உறங்க, ஏனையோர் விடியும்வரை விழித்திருந்து, மறுநாள் அவரைப் பரிகாசம் செய்வதை நாம் எல்லோரும் கண்டதுண்டு. ஆனால், அந்தச் சிரிப்புக்குப் பின்னே சில வேளைகளில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அதனைப் பற்றியும், அதைத் தவிர்ப்பதற்குப் பல் வைத்தியர்களாகிய நாங்கள் அமைத்துத் தரும் ஒரு சிறு கருவியைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

குறட்டை எவ்வாறு பிறக்கிறது? நாம் விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக நின்று மூச்சு செல்லும் வழியைக் காக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னோக்கிச் சரிகிறது. வழி குறுகவே, அதனூடே விரையும் காற்று, நாகசுரத்தின் சீவாளியை அதிரச் செய்வதுபோல், மென்மையான உள்நாக்குப் பகுதியை அதிரச் செய்கிறது. இதுவே குறட்டை.

சிலருக்கு இவ்வழி முற்றிலும் அடைபட்டுவிடுகிறது. மார்பு ஏறி இறங்கினாலும் காற்று உள்ளே செல்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து எழுப்ப, அவர் திணறி மூச்செடுத்து, மீண்டும் உறங்கிவிடுகிறார். காலையில் அவருக்கு இது ஒன்றும் நினைவிராது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதனை ஒரு தடை என்று கணக்கிடுவர். மூச்சு நிற்பதும் பெரிதும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முறைக்கு மேல் நேர்ந்தால் நோய் தொடங்கிவிட்டது என்றும், 15-க்கு மேல் நடுத்தரம் என்றும், 30-க்கு மேல் கடுமை என்றும் வைத்தியர் வகுத்திருக்கின்றனர். பகலெல்லாம் தூக்கம், காலைத் தலைவலி, மறதி, இரத்த அழுத்தம் ஆகியவை இதன் விளைவுகள். இத்தகையவர் ஒரு பஸ்ஸையோ லாரியையோ ஓட்டுபவராயின், ஆபத்து அவர் ஒருவருக்கு மட்டுமன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ், 1836-37-இல் வெளிவந்த பிக்விக் கதையில், நின்ற இடத்திலேயே உறங்கிவிடும் ஜோ என்ற பருத்த சிறுவனைப் படைத்தார். 1956-இல் அமெரிக்க வைத்தியர் சிலர் அக்கதையின் பெயரையே ஒரு நோய்க்குச் சூட்டினர். எனினும், உறக்கத்தில் மூச்சே நின்று நின்று வருகிறது என்பதைப் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆராய்ச்சியாளர்கள் கருவிகளால் பதிவு செய்து காட்டியது 1965-இல்தான். 1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழுவினர், மூக்கின் வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டனர். கடுமையான நோய்க்கு இன்றும் அதுவே முதன்மையான சிகிச்சை. ஆயினும், இரவு முழுவதும் முகமூடி அணிந்து உறங்கப் பலரால் இயலுவதில்லை.

அவர்களுக்கு உதவுவதே எங்கள் கருவி. நாக்கின் முக்கியத் தசை கீழ்த்தாடை எலும்பின் முன்பகுதியில், உட்புறமாக ஒட்டியிருக்கிறது. ஆகவே, கன்றைப் பிடித்து நடத்தினால் பசு பின்தொடர்வதுபோல, தாடையை முன்னே நகர்த்தினால் நாக்கும் உடன் வருகிறது, வழி திறக்கிறது. இதற்காக, மேல்வரிசைப் பற்களுக்கும் கீழ்வரிசைப் பற்களுக்கும் அச்செடுத்து, அவற்றின் மீது கச்சிதமாகப் பொருந்தும் இரு உறைகளைச் செய்து இணைக்கிறோம். தாடையை ஒரேயடியாக இழுக்காமல், சில வாரங்களில் சிறிது சிறிதாக முன்னே நகர்த்துகிறோம்.

வெந்நீரில் இளக்கிக் கடித்து அணியும் ஆயத்தக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். செருப்பு சற்றுப் பொருந்தாவிடினும் நடந்துவிடலாம். வாய்க்குள் இருப்பது பொருந்தாவிடில் உறக்கத்தில் நழுவிவிடும். 2015-இல் அமெரிக்க உறக்க வைத்திய, பல் வைத்தியக் கழகங்கள் வெளியிட்ட நெறிமுறையும், அவரவர் வாய்க்கு அளவெடுத்துச் செய்து, படிப்படியாகத் திருத்தக்கூடிய கருவியையே பரிந்துரைக்கிறது.

இக்கருவிக்கும் வரம்புகள் உண்டு. அதைத் தாங்கப் போதிய உறுதியான பற்கள் வேண்டும். தொடக்கத்தில் உமிழ்நீர் பெருகலாம், தாடை வலிக்கலாம், ஆண்டுகள் செல்லச் செல்லப் பற்களின் கடி சற்று மாறவும் கூடும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: ஓசை அடங்கியது என்பதனாலேயே மூச்சுத் தடை நீங்கிவிட்டது என்று முடிவு செய்தல் ஆகாது. முதலில் உறக்கச் சோதனை செய்து வைத்தியர் நோயை நிர்ணயிக்க வேண்டும். கருவி அணிந்த பின்னரும் அச்சோதனையை மீண்டும் செய்து பார்த்தல் வேண்டும்.

நோயாளி தம் குறட்டையைத் தாமே கேட்பதில்லை. அருகில் படுத்திருப்பவரே கேட்கிறார். ஆகவே, உங்கள் தந்தையோ தாயோ பாட்டனாரோ குறட்டை விடும்போது நகைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளாமல், சற்றுச் செவிசாய்த்துக் கேளுங்கள். ஓசை திடீரென்று நின்று, நீண்ட அமைதிக்குப் பின் திணறலுடன் மீண்டும் எழுமாயின், மறுநாள் அதனை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.