பகிர்வுப் பயணம்: கடிவாளம் யார் கையில்?

(தில்லி ஜனக்புரியில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஜனக்புரி மேற்கு நிலையத்தில் இரண்டு மெட்ரோ வழித்தடங்கள் சந்திக்கின்றன. நீல வழித்தடம் 2005 இறுதியில் வந்தது. மெஜந்தா 2018 மே மாதம் இணைந்தது. ஆயினும் நம் குடியிருப்புத் தெருக்களின் இருபுறமும் கார்களே நிற்கின்றன. வீட்டிலிருந்து நிலையம் வரையிலான குறுந்தொலைவுக்கு நம்பிச் செல்லப் பேருந்து இல்லை. அந்த இடைவெளியில்தான் செயலி நிறுவனங்கள் நுழைந்தன.

ஒரே வண்டியில் நால்வர் சேர்ந்து சென்றால் கார்கள் குறையும் என்பது உண்மை. ஆனால், ஒருவரை இறக்கிவிட்டு அடுத்த அழைப்புக்காகக் காலியாகச் சுற்றும் வண்டி நெரிசலைக் கூட்டவே செய்கிறது. நியூயார்க் நகரமே 2018 ஆகஸ்டில், புதிய வாடகைக் கார் உரிமங்களை ஓராண்டுக்கு நிறுத்திவைக்க முடிவெடுத்தது.

தில்லியில் கட்டுப்பாடு யார்மீது விழுந்தது? ஆட்டோக்களின் எண்ணிக்கைக்கு உச்ச நீதிமன்றம் 1997இல் வரம்பு விதித்தது. 2011இல் அது ஒரு லட்சமாக உயர்ந்தது. சொந்தக் கார்களுக்கு வரம்பே இல்லை. 2001 ஏப்ரலுக்குள் 10,000 பேருந்துகள் வேண்டும் என்று 1998இல் உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம்தான். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த இலக்கு எட்டப்படவில்லை. உழைப்பாளியின் வண்டிக்கான வரம்பு அமலானது. மக்களுக்கான பேருந்து வரவில்லை.

2023 நவம்பரில் தில்லி அரசு அறிவித்த திட்டப்படி, 25 வண்டிகளும் அதற்கு மேலும் இயக்கும் நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும். 2030 ஏப்ரலுக்குள் அவை முழுமையாக மின்சார வண்டிகளுக்கு மாற வேண்டும். புகை குறையும், வரவேற்போம். ஆனால் மின்சாரக் காரும் சாலையில் அதே இடத்தைத்தான் அடைக்கும். 2025 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களோ, தேவை மிகும் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கு வரை வசூலிக்க அனுமதித்தன.

எண்ணிக்கைக்கு வரம்பு கேட்டால் ஓட்டுநரின் பிழைப்பு போகாதா என்று தோழர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆட்டோ வரம்பின்போது உரிமங்கள் கள்ளச் சந்தையில் வட்டிக்கடைக்காரர்களிடம் சிக்கியதை நாம் மறக்கவில்லை. அதேவேளை, வண்டிகள் பெருகப் பெருக ஒவ்வொரு ஓட்டுநரின் சவாரியும் குறைகிறது. நிறுவனத்தின் கமிஷன் குறைவதில்லை. 2017 பிப்ரவரியில் தலைநகர ஓட்டுநர்களை வேலைநிறுத்தத்துக்குத் தள்ளியது இந்த நிலைமைதான். ஆகவே, இன்று ஓட்டுபவர்களைப் பாதுகாத்து, உரிமத்தை ஓட்டுநர் பெயரிலேயே வழங்கும் வரம்பையே நாம் கோருகிறோம்.

மாற்று வழி உண்டு. 2022 ஆகஸ்டில் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய ‘கேரள சவாரி’ 8 சதவீத சேவைக் கட்டணத்தோடு களமிறங்கியது. பெருமூலதனத்தின் முன் அது சிறு முயற்சியே. ஆயினும், செயலியை அரசும் நடத்த முடியும் என்று காட்டியது.

பேருந்துகளைப் பெருக்கு, பகிர்வு வண்டிகளை மெட்ரோ, பேருந்து நிறுத்தங்களுடன் இணை, கட்டணத்தையும் கமிஷனையும் அரசே நிர்ணயி, ஓட்டுநருக்குச் சமூகப் பாதுகாப்பு வழங்கு. பயணிக்கு ஒரு மனு, ஓட்டுநருக்கு வேறொரு மனு என்று பிரிக்க வேண்டாம். ஆட்டோ நிறுத்தத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒரே மனுவில் கையெழுத்து வாங்குவோம். இருவரையும் மோதவிட்டுத்தான் மூலதனம் லாபம் பார்க்கிறது. அவர்களை ஒன்றுசேர்ப்பதே நம் பணி.